எட்டும் மனப்பாடம், வாக்கியம்தான் வரவில்லை!

ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்து பாருங்கள். தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் ஆண்டு, ஆங்கிலப் பாடவேளை. ஆங்கிலத்தில் சொல் வகைகள் எத்தனை என்று ஆசிரியை கேட்கிறார். கை உயர்த்திய ஒரு மாணவன் எழுந்து, நௌன், புரோநௌன், வெர்ப், அட்ஜெக்டிவ், அட்வெர்ப், பிரெப்பொசிஷன், கன்ஜங்ஷன், இன்டர்ஜெக்ஷன் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். எட்டும் சரி. நௌன் என்றால் என்ன? ஆள், இடம், பொருள் இவற்றின் பெயர். அதுவும் சரி. வகுப்பு கைதட்டுகிறது.

அன்று மாலை அதே மாணவனின் கட்டுரை நோட்டை ஆசிரியை திருத்துகிறார். அதில், 'மை ஃபாதர் வெரி ஆங்கர்' என்று எழுதியிருக்கிறான். அப்பாவுக்கு ரொம்பக் கோபம் என்பது அவன் சொல்ல வந்தது. 'ஆங்கர்' என்பது பெயர்ச்சொல் என்று கேட்டால் அவனே சொல்வான். ஆனால் 'வெரி' என்ற சொல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இப்படி வந்து உட்காராது என்பது அவன் படித்த எட்டு வரையறைகளில் எங்கும் இல்லை. நடுவில் ஒரு வினைச்சொல் காணாமல் போயிருப்பதையும் அந்த எட்டில் எதுவும் அவனுக்குக் காட்டிக் கொடுக்கவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் போதித்தவர்கள் யாரும் இந்த வாக்கியத்தைப் புதிதாகப் பார்க்க மாட்டார்கள். தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று சொல்லும் பெற்றோர் கையில் எடுக்கும் ஆதாரமும் இதுபோன்ற வாக்கியம்தான். தமிழ் தலைக்குள் இருப்பதால்தான் ஆங்கிலம் தடுக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு சரிதானா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

இது ஆங்கிலத்திலேயே பிறந்த கணக்கு இல்லை. கி.மு. 100 அளவில் வாழ்ந்த கிரேக்க இலக்கண அறிஞர் தியோனிசியஸ் திராக்ஸ். அவர் பெயரால் வழங்கும் சிறு நூல் கிரேக்கச் சொற்களை எட்டாகப் பிரித்தது. பின்னால் வந்த லத்தீன் இலக்கணக்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். ஆனால் கிரேக்கத்தில் இருந்த 'ஆர்ட்டிகிள்' என்ற வகை லத்தீனில் இல்லை. ஒன்று குறைந்தால் ஏழு ஆகிவிடுமே! வியப்புச் சொற்களைத் தனி வகையாக்கி மறுபடியும் எட்டாக்கிவிட்டார்கள். எட்டு என்ற எண்ணின் மேல் அப்படி ஒரு பிடிப்பு.

1586ஆம் ஆண்டு வில்லியம் புல்லோக்கார் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கண நூலை அச்சிட்டபோது, பள்ளிகளில் நடத்தப்பட்டு வந்த லத்தீன் இலக்கணத்தின் எட்டு வகைகளையே ஆங்கிலத்துக்குப் போட்டார். 'எ', 'த' என்ற சொற்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற சிக்கல் அப்போதே தொடங்கிவிட்டது. நாடக ஆசிரியர் பென் ஜான்சன் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1640இல் அச்சான இலக்கணத்தில் அவற்றுக்காக ஒன்பதாவது வகை ஒன்று சேர்க்கப்பட்டது. 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பட்டியல் தந்தார். பிற்காலத்தில் ஆக்சிஜன் ஆராய்ச்சியால் பெயர் பெற்ற அதே பிரீஸ்ட்லிதான். இன்று பிள்ளைகள் ஒப்பிக்கும் எட்டு அவர் தந்த எட்டு. அடுத்த ஆண்டே, 1762இல், ராபர்ட் லௌத் அதை ஒன்பது என்றார். 1795இல் வெளிவந்து பள்ளிகளில் பெரிதும் புழங்கிய லிண்ட்லி மர்ரேயின் இலக்கணமும் ஒன்பது என்றது. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் படித்த ரென் - மார்ட்டின் நூலில் எட்டு.

அப்படியானால் எது சரி? 1952இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவின் மிச்சிகனில் சார்ல்ஸ் ஃபிரைஸ் என்ற மொழியியலாளர் பழைய பட்டியல்களை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, மக்கள் தொலைபேசியில் பேசியதை ஏறக்குறைய 50 மணி நேரம் பதிவு செய்து ஆராய்ந்தார். ஒரு வாக்கியத்தில் ஓர் இடத்தை வெற்றாக விட்டால் எந்தெந்தச் சொற்கள் அங்கே வந்து பொருந்துகின்றன என்பதுதான் அவர் கையாண்ட முறை. பொருளைக் கேட்கவில்லை, இடத்தைத்தான் கேட்டார். கடைசியில் நான்கு பெரிய வகுப்புகளும், 'த', 'நாட்', 'அண்ட்' போன்ற சின்னச் சொற்களுக்கு 15 குழுக்களும் கிடைத்தன. அந்த நான்கு வகுப்புகளுக்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான் கொடுத்தார். பெயர் வைத்தால் பழைய வரையறை ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்ற எச்சரிக்கை.

ஆங்கிலத்துக்கு இந்த முறை ஏன் பொருந்துகிறது என்பதற்கு அந்த மொழியின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் சொல்லின் வாலைப் பார்த்தே வகையைச் சொல்லிவிடலாம். அன்பு என்ற பெயர்ச்சொல் 'லுஃபு', அன்பு செய் என்ற வினைச்சொல் 'லுஃபியான்'. வடபுலத்து மொழி பேசியவர்களுடன் கலந்து வாழ்ந்ததாலும், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பின் ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்தாளர் கையை விட்டுப் பேசுபவர் நாவில் வாழ்ந்ததாலும் இந்த வால்கள் தேய்ந்து போயின. இரண்டும் தேய்ந்து இன்று 'லவ்' என்ற ஒரே உருவம் ஆகிவிட்டன. வால் போனதும், அது செய்த வேலையைச் சொல் நிற்கும் இடம் எடுத்துக்கொண்டது.

அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு இது என்ன வகை என்று கேட்பதே பாதிக் கேள்வி ஆகிறது. 'வெல்' என்ற சொல் என்ன வகை? 'எ டீப் வெல்' என்றால் ஆழமான கிணறு, பெயர்ச்சொல். 'ஷி சிங்ஸ் வெல்' என்றால் நன்றாகப் பாடுகிறாள், வினையடை. 'ஐ ஆம் வெல்' என்றால் நலமாக இருக்கிறேன், பெயரடை. 'வெல், லெட் அஸ் கோ' என்றால் சரி, போகலாம் என்ற பொருளில் வரும் வியப்பிடைச்சொல். கண்ணீர் பொங்கியது என்பதை 'டியர்ஸ் வெல்ட் அப்' என்கிறார்கள், அங்கே வினைச்சொல். 'ஃபாஸ்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். விரைவு ரயிலிலும் அது இருக்கிறது, தைப்பூச விரதத்திலும் அது இருக்கிறது.

புதுச் சொற்களும் இதே வழியில்தான் வருகின்றன. 'கூகள்' என்பது ஒரு நிறுவனத்தின் பெயராகத் தொடங்கியது. 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அதை வினைச்சொல்லாகவும் ஏற்றுக்கொண்டது. ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதைச் சொன்னதும், எங்கள் பிள்ளைக்கு இது குழப்பமாக இருக்காதா என்று பெற்றோர் கேட்கலாம். 'ஓடு' என்ற தமிழ்ச் சொல்லைப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். கூரை மேல் இருப்பது ஓடு, பெயர்ச்சொல். சீக்கிரம் ஓடு, ஏவல் வினை. தம்பியோடு வந்தான் என்னும்போது அது வேற்றுமை உருபு. எந்தப் பிள்ளையாவது குழம்புகிறதா? வாக்கியத்தைக் கேட்டதும் வகை தானாகப் புரிந்துவிடுகிறது. 'படி' என்ற சொல்லிலும் இதே விளையாட்டு உண்டு. தமிழில் இது எப்போதாவது வருவது, ஆங்கிலத்தில் அன்றாடம் வருவது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நௌன் என்றால் ஆள், இடம், பொருளின் பெயர் என்ற வரையறை சீக்கிரமே உடைந்து போகும். 'டிஸ்ட்ரக்ஷன்' அழிவைக் குறிக்கிறது. அழிவு ஒரு செயல்தானே? ஆனாலும் பெயர்ச்சொல். தமிழில் ஓட்டம், படிப்பு, வருகை எல்லாம் இதே வகை. தொழிற்பெயர் என்று பிள்ளைகள் படிப்பது இதைத்தான். இந்தச் சிக்கலுக்கு ஒரு நல்ல வழியைத் தொல்காப்பியர் காட்டியிருக்கிறார். வினைச்சொல்லை அடையாளம் காண அவர் தரும் சோதனை பொருளைப் பற்றியதாக இல்லை. ஐ, கு போன்ற வேற்றுமை உருபுகளை அது ஏற்காது, காலத்தைக் காட்டும். இவ்வளவுதான் சோதனை. ஓட்டம் ஒரு செயலாக இருந்தாலும் 'ஓட்டத்தை' என்று உருபை ஏற்கிறது, காலம் காட்டவில்லை, ஆகவே பெயர். சொல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து வகை பிரிக்கும் முறை இது. ஃபிரைஸ் 1952இல் செய்ததும் ஏறக்குறைய இதைப் போன்றதே.

சொற்களில் தலையாயவை பெயரும் வினையும் என்றும், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து வருபவை என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. மொத்தம் நான்கு. மலாய்மொழியில் டேவான் பஹாசாவின் இலக்கண நூலும் நான்கு என்றுதான் சொல்கிறது: காத்தா நாமா, காத்தா கெர்ஜா, காத்தா அட்ஜெக்டிஃப், காத்தா துகாஸ். ஆகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரே புத்தகப்பையில் தமிழுக்கு நான்கு, மலாய்க்கு நான்கு, ஆங்கிலத்துக்கு எட்டு என்று மூன்று பட்டியல்களைச் சுமக்கிறது. மூன்றும் மூன்று ஆசிரியர்களால், மூன்று தனித்தனிப் பாடவேளைகளில் நடத்தப்படுகின்றன. ஒன்றுக்கு இன்னொன்று உதவும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சுமை அங்கேதான் இருக்கிறது.

உண்மையில் எவ்வளவு உதவும் தெரியுமா? 'பிக் ஹவுஸ்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயில் 'ருமா பெசார்', பெயரடை பின்னால் வருகிறது. தமிழில் 'பெரிய வீடு', முன்னால் வருகிறது. ஆங்கிலம் இங்கே தமிழ் பக்கம் நிற்கிறது. பிரெப்பொசிஷன் பாடத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். தமிழில் 'வீட்டில்', 'பள்ளிக்கு' என்று உருபு பின்னால் ஒட்டுகிறது. 'இன்', 'டு' முன்னால் தனியாக நிற்பது தமிழ்ப் பிள்ளைக்கு விசித்திரமாகத் தெரியும். ஆனால் அதே பிள்ளை 'டி ருமா', 'கெ செகோலா' என்று மலாயில் தினமும் எழுதுகிறதே! வாக்கிய அமைப்பிலும் மலாய்தான் கைகொடுக்கும். 'சாயா மாக்கான் நாசி', 'ஐ ஈட் ரைஸ்', இரண்டும் ஒரே வரிசை. தமிழ் மட்டும்தான் சோற்றை முன்னால் வைத்து, சாப்பிடுவதைக் கடைசிக்குத் தள்ளுகிறது.

அட்ஜெக்டிவ், அட்வெர்ப் இரண்டையும் பிரித்தறிவதில் தமிழுக்கு இணையில்லை. அழகான, அழகாக. வேகமான, வேகமாக. நல்ல, நன்றாக. 'ஆன' வந்தால் பெயரைத் தேடும், 'ஆக' வந்தால் வினையைத் தேடும். 'ஹி சிங்ஸ் குட்' என்று எழுதும் பிள்ளையிடம், நல்ல பாடுகிறான் என்பாயா, நன்றாகப் பாடுகிறான் என்பாயா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். 'லி' என்று முடிந்தால் அட்வெர்ப் என்று சொல்லித் தருவதைவிட இது நம்பகமானது. 'ஃபிரெண்ட்லி' என்ற சொல் 'லி'யில் முடிந்தும் பெயரடையாக இருக்கிறது. 'ஃபாஸ்ட்' என்ற சொல்லோ 'லி' இல்லாமலேயே வினையடையாக வருகிறது.

இரண்டு மொழிகளும் கைவிடும் இடங்களும் உண்டு. பிள்ளைகள் உண்மையில் தடுக்கி விழுவது அங்கேதான். 'எ', 'ஆன்', 'த' என்பவற்றுக்கு ஈடான ஒழுங்கு தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. ஒரு, அந்த என்று சொல்லிச் சமாளிக்கலாம், முழுதாகப் பொருந்தாது. மேல்நாட்டு இலக்கணக்காரர்களே எட்டா ஒன்பதா என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நடத்திய சொற்கள் இவை. இப்போதைய ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் இவற்றை 'திஸ்', 'மை', 'சம்' போன்றவற்றுடன் சேர்த்து 'டிட்டெர்மினர்' என்று தனியே பிரிக்கின்றன. பத்து வயதுப் பிள்ளை இதில் தடுமாறினால் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அடுத்தது 'இஸ்', 'வாஸ்'. தமிழில் 'அவர் ஆசிரியர்'. மலாயில் 'டியா குரு'. இரண்டிலும் வினைச்சொல்லே இல்லாமல் வாக்கியம் முழுமையாகிறது. எழுத்து மலாயில் 'இயாலா', 'அடாலா' உண்டு என்றாலும் பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே பிள்ளை 'ஹி டீச்சர்' என்று எழுதினால் அது கவனக்குறைவு ஆகாது. அதற்குத் தெரிந்த இரண்டு மொழிகளும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. ஆங்கில வாக்கியத்தில் காலம் காட்டும் வினைச்சொல் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். பிழையைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது சொல்லிக் கொடுத்ததாக ஆகாது.

2003ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் போதிக்கப்படத் தொடங்கியபோது இந்த இடைவெளி வேறு பாடங்களிலும் தலைகாட்டியது. 'ஹீட் த வாட்டர்' என்ற கட்டளையில் 'ஹீட்' வினை, 'வாட்டர்' பெயர். 'வாட்டர் த பிளான்ட்' என்ற கட்டளையில் 'வாட்டர்' வினையாகிவிடுகிறது. ஹீட் என்றால் வெப்பம், வாட்டர் என்றால் தண்ணீர் என்று சொல்லட்டவணை பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, எதைச் சூடாக்குவது, எதற்கு நீர் ஊற்றுவது என்பதே புலப்படாது. அறிவியல் புரியவில்லை என்று மதிப்பெண் குறையும். 2009இல் அந்தத் திட்டத்தைக் கைவிட முடிவு செய்யப்பட்டது. திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதம் பல ஆண்டுகள் நீண்டது. சொற்பொருள் அட்டவணையை மட்டும் நம்பிக் கற்ற முறையைப் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வீட்டில் ஆங்கிலம் பேசாத பெற்றோரும் இதில் உதவ முடியும். பெரிய செலவு எதுவும் இல்லை. பிள்ளை புதிதாக ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு வந்தால் அர்த்தம் என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம். இதற்கு முன்னால் 'த' போட முடியுமா? நேற்று நடந்ததாக மாற்ற முடியுமா? 'வெரி' சேர்க்கலாமா? மூன்று கேள்விகள். 'த' ஏற்றால் பெயராக வேலை செய்யும். நேற்றுக்கு மாறினால் வினை. 'வெரி' ஏற்றால் பெரும்பாலும் அடைச்சொல். ஒரே சொல் இரண்டு கேள்விகளுக்கு ஆம் என்றால், அதற்கு இரண்டு வேலை தெரியும் என்று அர்த்தம். 'வாட்டர்' அப்படிப்பட்டது. இந்தச் சோதனையில் தப்பும் சொற்களும் இருக்கும்தான். அவற்றைப் பிள்ளையே பிடித்துக்கொண்டு வந்து காட்டும்போது பாடம் இன்னும் நன்றாக நடக்கும்.

முதலில் பார்த்த 'மை ஃபாதர் வெரி ஆங்கர்' வாக்கியத்துக்கு வருவோம். அந்த மாணவன் எழுதியது 'அப்பாவுக்கு ரொம்பக் கோபம்' என்ற தமிழ் வாக்கியத்தின் நிழல். அதில் கோபம் பெயர்ச்சொல், வினைச்சொல் கிடையாது. அதனால்தான் ஆங்கிலத்திலும் 'ஆங்கர்' என்ற பெயர்ச்சொல் வந்தது, வினைச்சொல் வரவில்லை. இதே செய்தியைத் தமிழில் வேறு மாதிரி சொல்ல முடியுமா என்று ஆசிரியை அவனிடம் கேட்டால் சிறிது யோசித்து, 'அப்பா ரொம்பக் கோபமாக இருந்தார்' என்பான். இப்போது வினைச்சொல் வந்துவிட்டது, காலமும் வந்துவிட்டது. 'ஆக' வினையடையின் அடையாளம் என்றாலும், 'இரு' என்ற வினையோடு சேரும்போது அதற்கு ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ்தான் ஈடு. அழகாக இருக்கிறாள் என்பதை 'ஷி இஸ் பியூட்டிஃபுல்' என்று சொல்வதுபோல. இருந்தார் என்ற இடத்தில் 'வாஸ்', கோபமாக என்ற இடத்தில் 'ஆங்ரி', ரொம்ப என்ற இடத்தில் 'வெரி'. 'மை ஃபாதர் வாஸ் வெரி ஆங்ரி' என்று அவன் நோட்டில் எழுதிக்கொள்வான். அடுத்து, அம்மாவுக்கு வருத்தம் என்று ஒரு வாக்கியம் கொடுத்துப் பார்க்கலாம்.